சட்டி ஜெயிக்குமா, பிசின் ஜெயிக்குமா

வேற்றுக்கிரகத்து மிருகங்கள் இரண்டின் வாய் எனக்கு மிக நன்றாகத் தெரியும். கண், கால், வால் எதுவும் தெரியாது. வாய் மட்டும்தான்.

இது என் வேலையால் வந்தது. தி.நகரில் ஒரு சந்துக்குள், கீழே துணிக்கடையின் கிடங்கும் மேலே நாங்களுமாக இருக்கும் கட்டடத்தில், ஒரு டப்பிங் ஸ்டுடியோவில் நான் ஒலிப்பதிவுப் பொறியாளர். வெளிநாட்டுத் தொடர்களுக்குத் தமிழ்க் குரல் கொடுக்கும் இடம். படம் எங்களுக்கு முழுதாக வராது. வெளியாவதற்கு முன் யாரும் திருடிவிடக் கூடாது என்று திரை முழுவதையும் கறுப்பாக்கி, பேசுகிறவரின் வாயைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம் விட்டு அனுப்புவார்கள். உதட்டசைவுக்கு ஏற்றபடி பேச அது போதும். கதாநாயகன் எங்கே நிற்கிறான், எதிரே யார், கையில் இருப்பது துப்பாக்கியா டிபன் பாக்ஸா, ஒன்றும் தெரியாது. கறுப்பின் நடுவே ஓர் உதடு ஆங்கிலத்தில் "ஓடு" என்று கத்தும். எதிலிருந்து ஓடுகிறான் என்று தெரியாமலே நாங்களும் தமிழில் கத்துவோம். வீட்டில்கூடக் கதையைச் சொல்ல மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறோம். சொல்வதற்குக் கதை தெரிந்தால்தானே என்பது வேறு விஷயம்.

அந்தத் தொடரின் பத்துப் பகுதிகளும் ஒரே நாளில் வெளியாவதாக இருந்தது. ஆகவே வேலை முடியும்வரை எங்களுக்குக் கறுப்புத் திரைதான். வசனத்தாளில் "உயிரினம் அ", "உயிரினம் ஆ" என்று இரண்டு இருந்தன. 'அ'வின் வாய் அகலமாக, ஓரமெல்லாம் நசுங்கி, கீழே விழுந்த அலுமினியச் சட்டியைப் போல இருந்தது. அதற்குச் சட்டி என்று பெயர் வைத்தோம். 'ஆ'வுக்குப் பல்லே இல்லை. வாயைத் திறக்கும்போதெல்லாம் மேலுதட்டுக்கும் கீழுதட்டுக்கும் நடுவே பசை போல நூல் நூலாக இழுக்கும். அது பிசின்.

வழக்கமாக மிருகங்களின் உறுமல் தனி ட்ராக்கில் தயாராக வந்துவிடும். இதில் அசல் நடிகரின் உறுமல் வசனத்தோடு கலந்திருந்தது. ஆங்கிலத்தை எடுத்தால் உறுமலும் போய்விடும். எனவே சட்டிக்கும் பிசினுக்கும் சென்னையிலேயே தொண்டை தேட வேண்டியிருந்தது.

சட்டிக்குக் கிடைத்தவர் பட்டினப்பாக்கத்து அண்ணன். ஐம்பதைத் தொடும் வயது. வில்லன், போலீஸ், பேசும் கரடி என்று ஊரிலுள்ள பாதி ஸ்டுடியோக்களில் அவர் குரல் உண்டு. காலி எவர்சில்வர் குடத்துக்குள் தலையை விட்டு உறுமுவார். பிசினுக்குக் கிடைத்தவர் ராயப்பேட்டை அக்கா. அவர் வீட்டில் பல தலைமுறையாக ஜரிகை வேலை செய்கிறார்கள். அதுவரை அவருக்குக் கிடைத்ததெல்லாம் கூட்டக் குரல்தான். சந்தையில் இரைச்சல், ஆஸ்பத்திரி வராந்தாவில் முனகல், தீ விபத்தில் "ஐயோ". வசனத்தாளில் அவருக்கென்று ஒரு பத்தி ஒதுக்கப்பட்டது இதுதான் முதல் முறை. பாதி வாழைப்பழத்தை வாயில் அடக்கிக்கொண்டு அவர் மூச்சு விட்டால், ஹெட்போனில் கேட்கிற எனக்கே கழுத்து கூசும். என்ன பாத்திரம் என்று வீட்டில் சொல்ல முடியாதே. "எனக்குன்னு தனியா ஒண்ணு குடுத்திருக்காங்க, அவ்வளவுதான் சொல்லலாம்" என்று சொல்லி வைத்திருந்தாராம்.

ஒன்பதாம் பகுதியில் ஒரே வட்டத்துக்குள் சட்டியும் பிசினும் வந்தன. ஒன்றோடொன்று உரசின, முட்டின, கவ்வின. அதற்கு மறுநாள் மதியம், தயிர் சாதத்தைப் பிசைந்துகொண்டே டைரக்டர் சார் ஒரு செய்தி சொன்னார். சார் மயிலாப்பூர்க்காரர். எங்களுக்கு வசனம் எழுதுவதும் அவரே.

"கம்பெனிலேர்ந்து மெயில் வந்திருக்கு. அடுத்த சீசன்ல மிருகத்துக்கு ஒரு குரல் போறுமாம்."

"அப்ப கடைசி எபிசோட்ல ஒண்ணு காலி. கரெக்டா சார்?" என்றார் அண்ணன்.

"வேற எப்படி? நேத்து ரெண்டும் மூஞ்சியோட மூஞ்சி மோதிண்டு நின்னுதே, பார்த்தேளோல்லியோ? ஒண்ணை ஒண்ணு தின்னுடும். மிஞ்சறது அடுத்த சீசனுக்கு வரும்."

"அப்ப நம்ம சட்டிதான்."

அக்கா டிபன் பாக்ஸை மூடினார். "எப்படிண்ணே சட்டி? பிசின் ஒரு தடவை ஒட்டிக்கிச்சுன்னா உங்க சட்டியால வாயையே தொறக்க முடியாது."

"பல்லே இல்லாம இன்னாத்த கடிக்கும்? பாயசம் குடிக்கவா வந்துகீது?"

"பல்லு எதுக்கு? மலைப்பாம்பு மென்னா தின்னுது?"

"யம்மா, பலாப்பழம் அறுக்கசொல்ல கைல எண்ணெய தடவிக்கிறோமா இல்லியா? சட்டி ஒடம்பெல்லாம் நல்லெண்ணெய தேச்சுக்கினு வந்துச்சுன்னு வெய்யி. உன் பிசின் வழுக்கிக்கினு போய்க்கினே இருக்கும்."

"அரே, அந்தக் கிரகத்துல நல்லெண்ணெய் எங்கண்ணே கிடைக்கும்?"

"செக்கு இல்லாத கிரகமா? போம்மா."

இப்படித்தான் ஆரம்பித்தது. அதன்பின் ஒவ்வொரு மதியமும் இதே பேச்சு. சண்டை எங்கே நடந்தால் யாருக்கு வசதி என்று ஒரு நாள் முழுக்க ஓடியது. கடல் மணலில் என்றால் பிசினின் மேல் மணல் அப்பிக்கொண்டு கனத்துவிடும் என்றார் அண்ணன். தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவில் விட்டால் சட்டியால் திரும்பக்கூட முடியாது, பிசின் சந்துபொந்தில் புகுந்து போய்விடும் என்றார் அக்கா. "அறுபத்துமூவர் உற்சவம் அன்னிக்கு மாடவீதில விட்டுப் பாருங்கோ. ரெண்டும் செருப்பைத் தொலைச்சுட்டு முழிச்சுண்டு நிக்கும்" என்று சார் தீர்ப்புச் சொன்னார்.

எனக்கு எதையும் கட்டம் போட்டு எழுதினால்தான் யோசிக்க வரும். டீ மேசைக்கு மேலே இருந்த வெள்ளைப் பலகையில் எழுதினேன். எடை, மூச்சு, பல், வேகம், குணம். கடைசியில் 'தெரியாதவை'. சட்டியின் குரல் தாழ்ந்தது, ஆகவே தொண்டை நீளம், உடல் பெரிது. பிசினின் மூச்சு நீண்டது, ஆகவே நுரையீரல் பெரிது. தொண்டையை வைத்துக் கணக்குப் போட்டால் சட்டி ஒரு தண்ணீர் லாரி அளவு வந்தது. நுரையீரலை வைத்துப் போட்டால் பிசினும் ஒரு தண்ணீர் லாரி. இதில் யார் ஜெயிப்பார்கள் என்று நான் எப்படிச் சொல்ல?

இன்னொன்றையும் கவனித்திருந்தேன். அதுவரை வந்த ஒன்பது பகுதிகளில் ஒரு முறைகூட இரண்டும் ஒரே நேரத்தில் மூச்சு இழுத்ததில்லை. ஒன்று முடித்த பிறகே மற்றது ஆரம்பிக்கும். அதையும் பலகையில் எழுதினேன்.

"ஒண்ணு கத்தசொல்ல இன்னொண்ணு குறுக்க வராது. மருவாத தெரிஞ்ச மிருகங்க" என்று விளக்கம் தந்தார் அண்ணன்.

"அப்போ டிவி விவாதத்துக்குத்தான் ரெண்டையும் அனுப்பணும்" என்றார் சார்.

நானும் சிரித்துவிட்டு, எடிட்டிங் சுத்தமாகச் செய்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன்.

அண்ணனுக்கு இது விளையாட்டு. சட்டி செத்தால் நாளைக்கே அவருக்கு வேறு ஒரு கரடி கிடைக்கும். அக்காவுக்கு அப்படியில்லை. ஒரு நாள் மற்றவர்கள் கை கழுவப் போயிருந்தபோது பலகையின் முன் நின்று கேட்டார்.

"உண்மையைச் சொல்லுமா. உன் கணக்குல பிசின் ஜெயிக்குமா?"

"தெரியலக்கா. தெரியாததுங்கற பத்திதான் இருக்கறதுலயே நீளமா இருக்கு."

"பரவால்ல. தெரியாததுல எனக்கும் பாதி பங்கு இருக்குல்ல" என்றார். பிறகு மெதுவாக, "மறுபடி கூட்டத்துல நின்னு கத்தறது ஒண்ணும் கஷ்டமில்லமா. ஆனா ஒரு தடவை தனியா நின்னுட்டேனே" என்றார்.

இது அண்ணன் காதில் விழுந்துவிட்டது என்று நினைக்கிறேன். மறுநாளிலிருந்து சட்டிக்குத் திடீரென்று நோய்கள் வர ஆரம்பித்தன.

"சட்டிக்கு முட்டிவலி கீதுபோல. மூச்சுல தெரியுது. படி ஏற முடியாதுன்னு நெனக்கிறேன்."

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "விட்டுக் குடுக்காதீங்கண்ணே. சண்டைன்னா சண்டை."

"சரி சரி. முட்டிவலி சரியாயிடுச்சு. உன் பிசின நசுக்கி அப்பளம் போட்றேன் பாரு."

"அது! இப்படிப் பேசுங்க."

கடைசிப் பகுதிக்கு இருவரையும் ஒன்றாக வரவழைத்தோம். வழக்கமாகத் தனித்தனியே பதிவு செய்வோம். சண்டை என்பதால் சேர்த்தே எடுக்கலாம் என்று சார் ஆசைப்பட்டார். ஒரு மைக்கின் முன்னால் குடத்தோடு அண்ணன், இன்னொன்றின் முன்னால் வாழைப்பழத்தோடு அக்கா. கதாநாயகனின் ஒரு வசனம் உதடு தெரியாத இடத்தில் வந்தது. அங்கே ஆங்கிலத்தில் ஏதோ முணுமுணுப்புத்தான். உதடு தெரியாத இடம் என்றால் வசனம் எழுதுகிறவருக்குக் கொண்டாட்டம். சார் தன் கற்பனையில், "ரெண்டும் அடிச்சுக்கட்டும், நாம ஓடிடலாம்!" என்று எழுதிச் சேர்த்திருந்தார். எங்களுக்கெல்லாம் பிடித்திருந்தது.

பிறகு அந்த இடம் வந்தது. வட்டம் இல்லை. திரை முழுக்கக் கறுப்பு. அதில் ஒரே ஒரு நீண்ட மூச்சு. வசனத்தாளில் "உயிரினம் – மூச்சு" என்று மட்டும் இருந்தது. 'அ'வும் இல்லை, 'ஆ'வும் இல்லை.

"டைப் அடிச்சவன் விட்டுட்டான்" என்றார் சார்.

"அது நம்ம மூச்சு சார். ஜெயிச்சுட்டு எளப்பாறுது" என்றார் அண்ணன்.

"இல்ல சார், ஈரமா இருக்கு பாருங்க. பிசினோடது."

"ஒரு நிமிஷம் இருங்கோ" என்றார் சார். "கடைசி மூச்சுன்னா செத்துப்போறதோட மூச்சால்ல இருக்கும்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"அப்ப அது சட்டிதான்" என்றார் அக்கா.

"யாரு சொன்னது? ஈரமா கீதுன்னு இப்பதானே சொன்ன? உன்னுதுதான்!"

ஒரு நிமிடத்துக்கு முன் வேண்டும் என்று இழுத்த மூச்சை இப்போது ஆளுக்கொரு பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார்கள். "சண்டை போட்டுண்டே இருந்தேள்னா நான் எப்போ ஆத்துக்குப் போறது?" என்று சார் என்னைப் பார்த்தார். அந்த மூச்சின் அதிர்வெண் வரைபடத்தைத் திரையில் விரித்துப் பார்த்தேன். கீழ்ப்பகுதி சட்டியைப் போல இருந்தது. மேலே இருந்த சளசளப்பு பிசினைப் போல இருந்தது. கம்பெனிக்கு எழுதிக் கேட்டோம். "அசலைப் பின்பற்றவும்" என்று பதில் வந்தது.

"சார், ரெண்டு பேரையும் விடச் சொல்லலாம். ஒண்ணா" என்றேன்.

"ஒரே சமயத்துலயா? கேக்கறவா என்ன நெனைப்பா?"

"ஒண்ணு ஜெயிச்சுது, ஒண்ணு செத்துதுன்னு நெனைச்சுப்பாங்க. எது எதுன்னு அவங்களுக்குப் படம் தெரியும். நமக்குத்தான் தெரியாது."

வேறு வழியில்லாமல் சார் ஒப்புக்கொண்டார். இருவரையும் ஒரே மைக்கின் முன் நிறுத்தினேன். குடம் வேண்டாம், பழம் வேண்டாம். என் கை இறங்கும்போது விட வேண்டும், கை மடங்கும்போது நிறுத்த வேண்டும். முதல் சில முறை அக்கா சிரித்துக் கெடுத்தார். அடுத்த முறை அண்ணன் இருமினார். அதற்கடுத்தது சரியாக வந்தது. எது யாருடையது என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதைத்தான் அனுப்பினோம்.

தொடர் வெளியான காலையில் நாங்கள் நால்வரும் ஸ்டுடியோவிலேயே கூடினோம். அண்ணன் வீட்டிலிருந்து வறுத்த மீன் கொண்டுவந்திருந்தார். சார் மட்டும் நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். முதல் பகுதியிலிருந்து பார்க்கிற பொறுமை யாருக்கும் இல்லை. நேராகக் கடைசிப் பகுதியைப் போட்டேன்.

கறுப்பு இல்லாத படம். அதைப் பார்ப்பதே புதிதாக இருந்தது. விண்கலத்தின் நடைபாதை. கதாநாயகன் பின்வாங்குகிறான். எதிரே சுவர் போல ஒன்று மெல்லத் திரும்புகிறது. முன்னால் ஒரு வாய், நசுங்கி, அகலமாக. அண்ணனின் உறுமல் அறையை நிறைத்தது.

"தோ பாரு, எங்க ஆளு!"

அந்தச் சுவர் பின்னங்காலில் எழுந்து நின்றது. அதன் வயிற்றில் இன்னொரு வாய் திறந்தது. பல் இல்லை. நூல் நூலாகப் பசை. அக்காவின் மூச்சு.

நான் பத்து விநாடி பின்னால் நகர்த்தி மறுபடி ஓட்டினேன். மேலே சட்டி, கீழே பிசின். வசனத்தாளில் இருந்த 'அ'வும் 'ஆ'வும் இரண்டு வாய்கள். ஒரே மிருகம்.

அந்த நேரம் பார்த்துத் திரையில் கதாநாயகன், எதிரே தன்னந்தனியாக நின்ற அந்த மிருகத்தைப் பார்த்து, "ரெண்டும் அடிச்சுக்கட்டும், நாம ஓடிடலாம்!" என்று அலறினான்.

சார் தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"யார் கூட சார் அடிச்சுக்கும்?" என்று அண்ணன் கேட்டார். அவ்வளவுதான், அக்கா சிரித்த சிரிப்பில் கீழே கிடங்கிலிருந்து ஓர் ஆள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஒன்பதாம் பகுதியையும் போட்டுப் பார்த்தோம். முகத்தோடு முகம் மோதியதாக நாங்கள் நம்பிய இடத்தில் அந்த மிருகம் நாயைப் போலச் சுருண்டு படுத்து, மேல்வாயால் கீழ்வாயைச் சுத்தம் செய்துகொண்டிருந்தது. என் பலகையில் இருந்த மூச்சுக் கணக்கைப் பார்த்தேன். ஒரே நுரையீரல். பிறகு எப்படி இரண்டும் ஒன்றாக இழுக்கும்? இரண்டும் ஒரே தண்ணீர் லாரி என்று கணக்குச் சொன்னபோதாவது எனக்குத் தோன்றியிருக்கலாம்.

சிரிப்பு அடங்கியதும்தான் மெயில் நினைவுக்கு வந்தது. மிருகத்துக்கு ஒரு குரல் போதும். ஒன்று சாகும் என்பதற்காக அவர்கள் அப்படி எழுதவில்லை. இருப்பதே ஒன்று என்பதால் எழுதியிருக்கிறார்கள். அசலில் நடித்ததும் ஒரே ஆளாகத்தான் இருக்க வேண்டும். அக்காவுக்கும் அது அதே நேரத்தில் புரிந்தது. மீன் தட்டை மேசையில் வைத்துவிட்டு, "அப்ப அண்ணன் குரலே போதும். மூஞ்சியில இருக்கறது அதானே" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார்.

"கடைசி வரைக்கும் பாப்போம்மா. முழுசா பாக்காம எழுந்திரிக்காத" என்றார் அண்ணன்.

ஓட விட்டேன். மிருகம் அடிபட்டுத் தரையில் சாய்ந்தது. சாகவில்லை. பக்கவாட்டில் படுத்திருந்ததால் இரண்டு வாயும் தெரிந்தன. இரண்டும் மெல்லத் திறந்தன, இரண்டிலிருந்தும் ஒரே மூச்சு வெளியே வந்தது. அந்த மைக்கின் முன் என் கையைப் பார்த்துக்கொண்டு இருவரும் விட்ட மூச்சு. தொடக்கமும் முடிவும் அவ்வளவு பொருத்தமாக இருந்தது. ஆங்கிலத்தில் மாற்றிக் கேட்டேன். அசலைவிட எங்களுடையது கனமாக இருந்தது. என் சொந்த வேலையைப் பற்றி நான் இப்படிச் சொல்வதில்லை. அன்றைக்குச் சொன்னேன்.

சார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அந்த ஊர்ல அதுக்கு எத்தனை தொண்டை வேணும்னாலும் இருக்கட்டும். நம்ம ஊர்ல ரெண்டு. நான் எழுதறேன். நீ அந்த மூச்சை ரெண்டு விதமா போட்டு அனுப்பு. ஒரு குரல்ல ஒண்ணு, ரெண்டு குரல்ல ஒண்ணு. அவாளே கேட்டுக்கட்டும்."

அனுப்பினேன். கதாநாயகனின் வசனத்தையும் மறுநாளே மாற்றிக் கொடுத்தோம். பதில் வர நாளானது. வந்த அன்று அக்கா வேறொரு படத்துக்காக மற்றவர்களோடு நின்று, சந்தையில் காய்கறி விலை கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பொத்தானை அழுத்தி, "அக்கா, தமிழுக்கு ரெண்டு குரலும் இருக்கட்டும்னு சொல்லிட்டாங்க" என்றேன். கூட்டத்தில் எல்லோரும் தக்காளி, வெங்காயம் என்று கத்திக்கொண்டிருக்க, நடுவே நின்று பிசினின் குரலில் ஒரு மூச்சு விட்டார். பக்கத்தில் இருந்தவர் பயந்து நகர்ந்தார். அந்த டேக் வீணானது.

இப்போது அடுத்த பருவத்தின் வேலை தொடங்கிவிட்டது. மறுபடி கறுப்புத் திரை, மறுபடி வட்டத்துக்குள் வாய். இந்த முறை எங்களுக்கு உடம்பு தெரியும். எனவே சண்டை ஓய்ந்திருக்கும் என்று நினைத்தேன். முதல் நாள் மதியமே அண்ணன் ஆரம்பித்தார்.

"வயிறு ஒண்ணுதான? அப்ப சாப்பாடு மொதல்ல எந்த வாய்க்குப் போவும்?"

"பல் இருக்கற வாய் மென்னு குடுக்கட்டும்ணே. முழுங்கறது நாங்க."

"தோடா! நாங்க மெல்லணும், நீ முழுங்குவியா?"

"பொங்கல்னா மேல்வாய்க்கு, பாயசம்னா கீழ்வாய்க்கு" என்றார் சார். யாரும் ஏற்கவில்லை. மூவரும் என் பக்கம் திரும்பினார்கள்.

பலகையைத் துடைத்துவிட்டு மார்க்கரை எடுத்தேன். மேல்வாய், கீழ்வாய் என்று இரண்டு பத்தி போட்டேன். மூன்றாவதாக 'தெரியாதவை'. அதை மட்டும் இந்த முறை முதலிலேயே அகலமாகப் போட்டுக்கொண்டேன்.